வன்னிக் காட்டில் வேதம் – 7: குருவானவர் இல்லாத 29 வருடங்கள்

சென்ற வாரம் மன்னார்க் கோட்டை கைமாறிய இடத்தில் நிறுத்தியிருந்தோம். 1658 பெப்ரவரியில் மன்னார் ஒல்லாந்தரிடம் விழுந்தது. மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையைத் தாங்கிய யாழ்ப்பாணக் கோட்டை யூன் மாதத்தில் கதவைத் திறந்தது. போர்த்துக்கீசப் படையோடு குருமாரும் கப்பலேற்றப்பட்டார்கள். அதே வருடம் செப்டம்பரில் கட்டளை வந்தது: கத்தோலிக்கக் குருவானவர் ஒருவருக்கு ஒளிந்திருக்க இடம் கொடுப்பவருக்கு மரணம்.

வடக்கில் தங்கி நின்று பணிசெய்ய ஒரு குருவானவர் மறுபடி வந்தது 1687இல். கோட்டை விழுந்த நாளில் பிறந்த பிள்ளை அதற்குள் கலியாணம் செய்து, பிள்ளைகுட்டியும் கண்டிருக்கும். பூசை என்ற ஒன்றை அது கண்ணால் கண்டதில்லை. பாவசங்கீர்த்தனம் செய்ததில்லை. தகப்பனோ தாயோ கண்மூடியபோது அவஸ்தைப் பூசுதல் கொடுக்க ஆளில்லை.

அப்படியிருந்தும் 1687இல் இங்கே கத்தோலிக்கர் இருந்தார்கள். எப்படி?

* * *

இதற்கு நம்மிடம் இரண்டு கதைகள் உண்டு. ஒன்று புனிதரின் கதை. கோவாவிலிருந்து யோசப் வாஸ் என்ற குருவானவர் கூலியாள் வேடத்தில் வந்து, அணைந்துபோன விளக்கைத் திரும்ப ஏற்றினார் என்பது அதன் சாரம். மற்றது மடுவின் கதை. 1670 அளவில் மாந்தையிலிருந்த 20 கத்தோலிக்கக் குடும்பங்கள், தங்கள் சிறு கோயிலில் இருந்த ஆரோக்கிய மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடின. அதே காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து 700 பேர் வரை வன்னிக்குள் இறங்கினார்கள். இரு கூட்டமும் மருதமடுவில் சந்தித்துச் சுரூபத்தை அங்கே நிறுவின. போர்த்துக்கீசக் கப்பித்தான் ஒருவரின் மகள் எலேனா முதற்கோயிலைக் கட்டுவித்தாள். முதலாவது கதை புத்தகத்தில் வந்தது. இரண்டாவது பெரும்பாலும் வாய்வழியாக வந்து, பிற்காலத்தில்தான் எழுத்தில் ஏறியது. ஆகவே வரலாறு என்றால் முதலாவது, ஐதீகம் என்றால் இரண்டாவது என்று பிரித்துவைப்பது வழக்கம். இந்தப் பிரிப்பை நான் ஏற்கவில்லை. 29 வருடங்களை விளக்கும் சான்று அதிகமாக இருப்பது இரண்டாவது கதையில்தான் என்பதே இவ்வாரத்து வாதம்.

மடுவின் கதையில் யார் யார் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு விசயம் தெரியும். குடும்பங்கள் வருகின்றன, அகதிகள் வருகிறார்கள், ஒரு பெண் வருகிறாள், ஒரு சுரூபம் வருகிறது. குருவானவர் மட்டும் வரவில்லை. யாத்திரைத்தலங்களின் பிறப்புக் கதைகளைப் பின்னாளில் சோடிப்பவர்கள் பொதுவாக முதலில் நுழைப்பது ஒரு துறவியையோ மேற்றிராணியாரையோதான். இடத்துக்கு அதிகாரம் கொடுப்பது அவர் கைதான். 19ஆம் நூற்றாண்டில் மடு அமலமரித் தியாகிகள் சபையின் பொறுப்பில் வளர்ந்தது. 1872இல் இன்றைய பெரிய கோயிலுக்கு பொஞ்ஞான் ஆண்டகை அடிக்கல் நாட்டினார். கதையைத் திருத்தி எழுத விரும்பியிருந்தால் ஒரு குருவானவரை உள்ளே கொண்டுவர அவர்களுக்கு வசதியும் இருந்தது, காரணமும் இருந்தது. அப்படிச் செய்யாமல், குருவானவர் இல்லாத கதையையே அவர்கள் வாங்கி, வைத்து, சொல்லிவந்தார்கள். தனக்கு லாபமில்லாத ஒரு விபரத்தை ஒரு கதை விடாப்பிடியாகக் காப்பாற்றுமானால், அந்த விபரத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

இதற்கு உடனே வரும் மறுப்பு எண்ணிக்கை பற்றியது. 20 குடும்பம், 700 பேர் என்பதெல்லாம் யார் எண்ணிய கணக்கு? எலேனா எந்தக் கப்பித்தானின் மகள்? நியாயமான கேள்விகள். 20 என்பதும் 700 என்பதும் பிற்காலத்துச் சுற்றுக் கணக்காக இருக்கலாம். எலேனா ஒருத்தியா, பல பெண்களின் நினைவு ஒருத்தியின் பெயரில் சேர்ந்ததா என்றும் கேட்கலாம். எண்களைத் தூக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் கதையின் எலும்புக்கூடு அசையவில்லை: கரையோரத்துச் சனம் உள்நாட்டுக் காட்டுக்குப் பெயர்ந்தது, தன் வழிபாட்டைத் தானே நடத்தியது. இந்த எலும்புக்கூடு அக்கால வன்னியின் நிலவரத்தோடு பொருந்துகிறதா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

* * *

பால்டேயஸ் என்ற ஒல்லாந்தப் பாதிரியார் 1658இல் படையோடு யாழ்ப்பாணம் வந்து பல வருடம் இருந்தவர். 1672இல் வெளியான அவருடைய நூலில் குடாநாட்டுக் கோயில்களும் பள்ளிக்கூடங்களும் பங்கு பங்காக வருகின்றன: தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, சாவகச்சேரி, பருத்தித்துறை என்று அந்த வரிசை நீள்கிறது. எல்லாம் போர்த்துக்கீசக் குருமார் கட்டியவை. ஒல்லாந்தர் சுரூபங்களை இறக்கிவிட்டுத் தங்கள் பள்ளிக்கூடமாக்கிக்கொண்டார்கள். அந்தப் பள்ளிக்கூடம் அரசாங்கத்தின் கண்ணாகவும் இருந்தது. ஞானஸ்நானமும் கலியாணமும் பதியப்பட்ட தோம்பு அங்கே இருந்தது. தோம்பில் இல்லாதவனின் கலியாணம் செல்லாது, அவன் பிள்ளைக்கு முதுசத்தில் வில்லங்கம் வரும். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குள் செபமாலை சொன்ன குடும்பமும் ஞாயிற்றுக்கிழமை ஒல்லாந்தக் கோயிலுக்குப் போய்த் தலையைக் காட்டவேண்டியிருந்தது இதனால்தான். அடித்து உதைத்ததைவிட இந்தத் தோம்புதான் குடாநாட்டுக் கத்தோலிக்கரைக் கட்டிப்போட்டது.

கோயிலும் பள்ளிக்கூடமுமான அந்த வரிசை தெற்கே வந்து, இன்று கிளிநொச்சி மாவட்டத்தில் சேர்ந்திருக்கும் பச்சிலைப்பள்ளியில் முடிகிறது. புலோப்பளை, முகமாலைப் பக்கத்தோடு சரி. மேற்கே மன்னார்க் கரை தனிக்கதை. ஆனையிறவிலும் இயக்கச்சிப் பக்கத்திலும் ஒல்லாந்தர் பிறகு வைத்திருந்த சிறு கோட்டைகள் இந்த எல்லையைக் கல்லில் எழுதியது போலத்தான். ஓர் அரசு தன் கை எங்கே தளர்கிறது என்று தானே அறிந்திருந்தது. அதற்கு அப்பால் பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, கருநாவல்பற்று, தென்னமரவடி என்ற பற்றுகள் இருந்தன. அவற்றை ஆண்டவர்கள் வன்னியர்கள்.

வன்னியர்களும் ஒல்லாந்தருக்குத் திறை கட்டியவர்கள்தானே, அவர்களுடைய காட்டில் என்ன பெரிய சுதந்திரம் என்று கேட்கலாம். திறை உண்மை. வன்னியிலிருந்து வருடந்தோறும் யானைகள் போகவேண்டும் என்பது பேச்சு. யாழ்ப்பாணத்திலிருந்து வங்காளம் வரை யானை ஏற்றுமதி செய்து பணம் பார்த்த ஒல்லாந்தக் கும்பனிக்கு அது பெரிய காரியம். ஆனால் யானை கேட்பதும் தோம்பு எழுதுவதும் ஒன்றல்ல. வன்னியனிடம் திறை வாங்குபவனுக்கு அந்த வன்னியனின் குடிகள் இரவில் எந்த மந்திரம் சொல்கிறார்கள் என்று தெரியவேண்டிய அவசியமில்லை. தெரிந்துகொள்ளப் பள்ளிக்கூடமும் இல்லை. அந்த யானைத் திறையும் ஒழுங்காகப் போகவில்லை. பனங்காமத்தில் கயிலாய வன்னியன் 1678இல் இறக்கும்வரை ஒல்லாந்தருக்குப் பணிய மறுத்தவன் என்று அவர்களுடைய பதிவுகளே குறைப்படுகின்றன. மாந்தையிலிருந்து சனம் ஓடியதாகச் சொல்லப்படும் 1670 அவனுடைய காலத்துக்குள் வருகிறது. மடு, பனங்காமம் என்ற இரண்டு பெயரையும் வரைபடத்தில் பார்த்தவர்களுக்கு அவை எவ்வளவு அண்டையில் இருக்கின்றன என்பது தெரியும். இந்தப் பொருத்தத்தை ஒரு கட்டுக்கதை தற்செயலாகத் தட்டிவிட்டிருக்கும் என்று நம்ப எனக்குக் கடினமாக இருக்கிறது.

அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது. 1544இல் மன்னாரில் புதிதாக வேதத்தில் சேர்ந்த 600 பேருக்கு மேல் வெட்டியவன் சங்கிலி மன்னன். சைவ அரசன் ஒருவன் அன்று வெட்டினான் என்றால், சைவ வன்னியன் ஒருவன் நூற்றிருபது வருடம் கழித்து ஏன் இடம் கொடுத்தான்? இத்தொடரின் மூன்றாம் பகுதியில் பார்த்ததை நினைவுபடுத்திக்கொண்டால் விடை கிடைக்கும். சங்கிலி பயந்தது சிலுவைக்கு அல்ல, அதன் பின்னால் நின்ற கப்பலுக்கு. மன்னாரில் ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவனையும் போர்த்துக்கல் அரசனின் குடியாகப் போன ஒருவனாகவே அவன் கண்டான். 1670இல் மாந்தைச் சனத்தின் பின்னால் கப்பல் எதுவும் இல்லை. போர்த்துக்கல் தோற்று ஓடிவிட்டது. வந்தவர்கள் ஒல்லாந்தருக்குப் பயந்து வந்தவர்கள்; ஒல்லாந்தரோடு மல்லுக்கு நின்ற வன்னியனுக்கு அவர்களால் ஆபத்தில்லை. கண்டி அரசும் இதே கணக்கைத்தான் போட்டது. இரண்டாம் இராசசிங்கன் காலத்தில் போர்த்துக்கீச வழிவந்த கத்தோலிக்கர் மாத்தளைப் பக்கத்து வாகாகோட்டையில் குடியமர்ந்து தங்கள் சமயத்தோடேயே இருந்தார்கள். சைவனான வன்னியனும் பௌத்தனான கண்டி அரசனும் கத்தோலிக்கரைக் காத்தார்கள், கிறிஸ்தவரான ஒல்லாந்தர் வேட்டையாடினார்கள் என்பது பிரசங்கங்களில் அடிக்கடி கேட்காத சங்கதி.

* * *

காடு இடம் கொடுத்தது. இடம் மட்டும் இருந்தால் வேதம் நிலைக்குமா? உள்ளே என்ன நடந்தது?

இதற்கு 1542க்குப் போகவேண்டும். பிரான்சிஸ்கு சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்ததும் செய்த முதல் வேலை மன்றாட்டுகளைத் தமிழாக்கியது. தூத்துக்குடிக் கரைப் பிள்ளைகளைக் கூட்டி, ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்லி மனப்பாடமாக்கினார். தான் இல்லாத ஊரில் மன்றாட்டுச் சொல்லிக்கொடுக்கவும், ஆபத்து வேளையில் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையைச் சம்பளத்துக்கு வைத்தார். மன்னாருக்கு அவர் தனக்குப் பதிலாக வேறு ஆள் அனுப்பியதும் அந்த ஏற்பாட்டின் நீட்சிதான். குருமார் போதாத கரையில் சமாளிக்கச் செய்த ஒழுங்கு அது. அதையே தலைமுறைகள் கொண்டுசென்றன: கோயிலைப் பார்க்க மூப்பர், மன்றாட்டு நடத்த அண்ணாவியார். இலத்தீன் பூசையை நம்பியிருந்த ஒரு திருச்சபை 1658இல் வாயடைத்துப் போயிருக்கும். தமிழில் மனப்பாடம் பண்ணிய ஒரு திருச்சபைக்குப் பூசை இல்லாவிட்டாலும் பேச வாயிருந்தது. அப்பம் பிட்க முடியாது, பாவம் மன்னிக்க முடியாது. ஆனால் பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கலாம், சாட்சிகள் முன்னே கைப்பிடித்துக் கொடுக்கலாம், மையத்தை மன்றாட்டோடு அடக்கலாம். 29 வருடங்கள் இவ்வளவில்தான் ஓடின.

இது அப்படியே எவ்வளவு காலம் ஓடியிருக்கும் என்பதுதான் என் வாதத்துக்கு வரக்கூடிய பலமான மறுப்பு. குருவானவர் இல்லாத வேதம் நாளடைவில் வேறொன்றாகிவிடும். வாஸ் வராதிருந்தால் மடு மாதா காட்டுத் தெய்வங்களில் ஒன்றாகியிருப்பாள் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சான்றும் உண்டு. யப்பானில் 17ஆம் நூற்றாண்டில் குருமார் அழிக்கப்பட்ட பின், நாகசாக்கிப் பக்கத்துக் குடியானவர்கள் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஞானஸ்நானம் கொடுப்பவரையும் நாட்காட்டி பார்ப்பவரையும் தங்களுக்குள்ளேயே தெரிந்து, வேதத்தைக் காப்பாற்றினார்கள். 1865 மார்ச்சில் ஓவுராக் கோயிலில் பெத்தித்ஜான் என்ற பிரெஞ்சுக் குருவானவர் முன்னால் அவர்கள் வந்து நின்றது உலகத்தையே அதிரவைத்தது. ஆனால் எல்லோரும் திரும்பவில்லை. ஒரு பகுதியார் தங்கள் முன்னோர் முறையே போதுமென்று விலகிக்கொண்டார்கள். அதற்குள் அவர்களுடைய மன்றாட்டும் சடங்கும் தனிவழி போயிருந்தன.

வன்னியிலும் மாற்றம் தொடங்கியிருந்தது என்றே எண்ணுகிறேன். மடுவின் மண்ணைப் பாருங்கள். கோயில் மண்ணைக் கொண்டுபோய் வீட்டில் வைத்தால் பாம்பு தீண்டாது, தீண்டினாலும் அதைக் கரைத்துக் கொடுத்தால் விஷம் இறங்கும் என்பது வன்னி முழுக்க இருக்கும் நம்பிக்கை. சிங்களப் பௌத்தர்களும் கேட்டு வாங்கிப் போகிறார்கள். மாந்தைக் கரையில் இருந்த மாதாவிடம் கடலையும் காய்ச்சலையும் பற்றித்தான் மன்றாடியிருப்பார்கள். பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த காட்டில், இருட்டில் வெறுங்காலோடு குளத்தங்கரைக்குப் போகவேண்டி வந்தபோது, பயம் காலடிக்கு இறங்கியது. மாதாவின் வல்லமையும் அங்கே இறங்கியது. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு, வேதத்தின் கலப்படம் என்று முகம் சுழிப்பவர்களும் உண்டு. எனக்கு இது வேறொன்றைச் சொல்கிறது: தப்பியோடி வந்த ஒரு கூட்டம் காட்டில் தங்கி, அந்தக் காட்டின் குடிகளாகவே ஆகிவிட்டது. தற்காலிகமாக ஒளிந்திருந்தவர்களுக்குப் பாம்புக்கென்று ஒரு வழிபாடு பிறக்காது.

ஆகவே மறுப்பில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். வாஸ் வராதிருந்தால், நூறு வருடத்தில் இது எதுவாகியிருக்கும் என்று சொல்லமுடியாது. அவர் வந்தபோது ஒன்றுமே இருக்கவில்லை என்பதைத்தான் மறுக்கிறேன். அந்த மறுப்புக்கு மிக நல்ல சாட்சி அவர் வந்த விதமே.

* * *

யோசப் வாஸ் 1651 ஏப்ரல் 21இல் கோவாவின் பெனோலிமில் பிறந்தார். கொங்கணிப் பிராமணக் கத்தோலிக்கக் குடும்பம். 1676இல் குருவானவர். அடுத்த வருடம், தான் மாதாவின் அடிமை என்று அடிமைச்சீட்டு எழுதிக் கையெழுத்து வைத்தார். கன்னடக் கரையில் மறைபரப்புக்குத் தலைமை தாங்கியவர், திரும்பி வந்து 1685இல் கோவாவின் ஒரத்தோரியன் சபையில் சேர்ந்தார். உள்நாட்டுக் குருமாருக்கு மட்டுமான அந்தச் சபை நமக்கு முக்கியம். ஐரோப்பியக் குருவானவர் எவர் இலங்கைக் கரையில் இறங்கினாலும் ஒல்லாந்தக் காவலன் அரை நொடியில் பிடித்துவிடுவான். கறுத்த மேனியும் கிழிந்த துணியுமாக ஒருவன் தூத்துக்குடியிலிருந்து வந்தால் கரையோரக் கூலிகளில் ஒருவன் என்று விட்டுவிடுவான். கோவாவில் வெள்ளைத் துறவிகளுக்குக் கீழே இரண்டாந்தரமாக வைக்கப்பட்டிருந்த கறுப்புக் குருமாரால்தான் இந்த வேலை முடிந்தது.

1687இல் அவரும் யோவான் என்ற உதவியாளரும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது இருவரையும் வயிற்றோட்டம் பிடித்திருந்தது. ஆட்கள் அண்ட விடவில்லை. ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் கிடந்தவர்களுக்கு ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவள் பெயர் இல்லை.

உடம்பு தேறியதும் அவர் பிச்சைக்குக் கிளம்பினார். யார் கத்தோலிக்கர் என்று தெரியாது. கேட்கவும் முடியாது, கேட்டவர் காட்டிக்கொடுத்தால் கதை அன்றோடு சரி. அவர் ஒரே ஒரு காரியம் செய்தார். செபமாலையை எடுத்துக் கழுத்தில், சட்டைக்கு வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டார். வாசல் வாசலாகப் போய் நின்றார்.

அந்த வாசல்களில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் முழு வரலாறும் அங்கேதான் திரும்புகிறது. பிச்சை போட வருபவரின் கண் எங்கே போகிறது என்று பிச்சைக்காரர் பார்க்கிறார். பெரும்பாலானோர் பாத்திரத்தைப் பார்க்கிறார்கள். ஒருசிலர் கழுத்தைப் பார்க்கிறார்கள். அவர்களிலும் சிலர் பார்த்ததும் திரும்பிக்கொள்கிறார்கள், பயம். ஒரு வீட்டில் பார்வை செபமாலையிலேயே நிற்கிறது. அங்கே அவர் மறுநாளும் போகிறார். அவர்கள் அவரைச் சோதித்துப் பார்க்கிறார்கள், அவர் அவர்களைச் சோதித்துப் பார்க்கிறார். கடைசியில், கத்தோலிக்கக் குருவானவர் ஒருவரைக் காண ஆசையா என்று கேட்கும் அளவுக்கு வழி திறக்கிறது. அதன்பின் அவர் சில்லாலை என்ற ஊருக்குக் கொண்டுபோகப்பட்டார். பகலில் ஒளிவு, இரவில் பயணம், விடியுமுன் பூசை என்று இரண்டு வருடத்துக்கு மேல் அங்கிருந்து வேலை நடந்தது.

செபமாலை ஒரு தூண்டில் என்றால், கொத்த மீன் இருந்தபடியால்தான் அது பலித்தது. 29 வருடத்துக்குப் பிறகும் அந்த மணிக்கோவை என்னவென்று அறிந்த கண்கள், அதைப் பார்த்துப் பயப்பட அறிந்த கண்கள், அந்நியனை உடனே நம்பாத நிதானம், நம்பியபின் ஒரு குருவானவரைச் சில்லாலைக்குக் கடத்திப்போய் ஒல்லாந்தனுக்குத் தெரியாமல் வருடக்கணக்கில் வைத்திருக்கும் ஒழுங்கு. இவையெல்லாம் அவர் வருமுன்பே இருந்தவை. புனிதர் எதையும் ஒன்றுமில்லாமையிலிருந்து படைக்கவில்லை. சிதறிக் கிடந்ததை அடையாளம் கண்டு, கோர்த்து, மக்கள் தாங்களே காப்பாற்றியதற்கு உரிய அருட்சாதனங்களைக் கொடுத்தார். அது சின்ன வேலையில்லை. யப்பானில் விலகிப்போனவர்களை நினைத்தால் அதன் பெறுமதி புரியும்.

* * *

அப்படியானால் புனிதர் ஒற்றையாளாக நின்று எல்லாவற்றையும் செய்தார் என்ற கதை எங்கிருந்து வந்தது? அவர் வாழ்க்கையை முதலில் விரிவாக எழுதியவர் செபஸ்தியான் தோ ரேகோ. அவரும் கோவா ஒரத்தோரியர். நூல் 1745இல் லிஸ்பனில் அச்சானது, வாஸ் இறந்து 34 வருடம் கழித்து. தன் சபையின் மனிதர் ஒருவர் பீடத்துக்கு ஏறவேண்டும் என்று விரும்பும் சபைக்காரர் எழுதும் வாழ்க்கையில் வெளிச்சம் ஒருவர் மேல்தான் விழும். அதில் பொய் இல்லை. அந்த நூலுக்கு வேலையே அதுதான். அந்த நூலையே கொஞ்சம் சரித்துப் பிடித்தால் கஞ்சி கொண்டுவந்த கையும் கதவைத் திறந்த கையும் தெரிகின்றன.

1689 நத்தார் இரவு இதைக் கடுமையாகக் காட்டியது. யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கர் திருநாளுக்குக் கூடியிருந்த இடங்களில் ஒல்லாந்தப் படையினர் புகுந்தார்கள். தேடியது குருவானவரை. அவர் அகப்படவில்லை. அகப்பட்டவர்கள் ஆணும் பெண்ணுமான இல்லறத்தார். பலர் சிறையிடப்பட்டார்கள். ஒல்லாந்தச் சமயத்தை விட்டுக் கத்தோலிக்கத்துக்குத் திரும்பியிருந்த தொன் பேதுரு என்பவர் கசையடி பட்டு உயிர்விட்டதாக ஒரத்தோரியர் பதிவுகள் சொல்கின்றன. வாசுக்கு 1995 சனவரியில் கொழும்பில் முத்திப்பேறு பட்டம் கிடைத்தது. தொன் பேதுருவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. புனிதர் பட்டம் ஒரு வழக்கு. வழக்கை நடத்த ஆள் வேண்டும், காட்டக் கடிதக்கட்டு வேண்டும், தலைமுறை தலைமுறையாக அலுக்காமல் கேட்க ஒரு சபை வேண்டும். இவை இருந்த வாசுக்கே, 1830களில் போர்த்துக்கல் துறவற சபைகளைக் கலைத்தபோது கேட்க ஆளில்லாமல் போய், 284 வருடம் காத்திருக்க நேர்ந்தது. மாந்தையிலிருந்து சுரூபம் தூக்கிய 20 குடும்பத்துக்கு யார் வழக்காடுவது?

ஆனாலும் மடு அவர்களுடைய கதையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. 2015 சனவரி 14 காலையில், இரண்டாவது அற்புதம் வேண்டுமென்ற விதியைத் தளர்த்தி, காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் வாசைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே அவர் உலங்குவானூர்தியில் மடுவுக்கு வந்தார். 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டு, ஓகஸ்டில் திரும்பி வந்த அதே சுரூபத்தின் முன்னால் நின்றார். வாஸின் பெயரும் மடுவின் பெயரும் ஒரே நாளில் ஒன்றாக ஒலித்தது தற்செயலான நிகழ்ச்சிநிரலாக இருக்கலாம். வரலாற்றுப்படி பார்த்தால் ஒன்றை விட்டு மற்றதைச் சொல்லமுடியாது என்பதே என் எண்ணம்.

* * *

1689க்குத் திரும்புவோம். யாழ்ப்பாணத்தில் இனி நிற்கமுடியாது. தன்னைத் தேடி வருபவர்களிடம் தன் மக்கள் அடிபடுவதை வாஸ் பார்த்துவிட்டார். 1690இல் அவர் புத்தளம் சேர்ந்தார். அது ஒல்லாந்தரின் ஊரல்ல, கண்டி அரசனின் துறை. வாகாகோட்டைச் சனத்துக்கு இடம் கொடுத்த அந்த அரசு, தனக்கும் இடம் கொடுக்கும் என்பது அவர் போட்ட கணக்கு. தலைநகரில் காலூன்றினால், அங்கிருந்து மன்னாரையும் வன்னியையும் யாழ்ப்பாணத்தையும் பின்வாசலால் எட்டலாம்.

1692இல் அவர் கண்டிக்குப் புறப்பட்டார். கணக்கில் ஒன்று தவறியது. கண்டி வாசலில் லனரோல் என்ற பிரெஞ்சுக்காரன் செல்வாக்கோடு இருந்தான். 1672இல் பிரெஞ்சுத் தூதோடு வந்து, திரும்பிப் போக விடப்படாமல் இங்கேயே தங்கிவிட்டவன். சீர்திருத்தக் கிறிஸ்தவன், கத்தோலிக்கக் குருமாரைக் கண்டால் ஆகாதவன். வருகிறவன் குருவானவனுமில்லை ஒன்றுமில்லை, போர்த்துக்கீசரின் ஒற்றன் என்று அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனின் காதில் போட்டான். வாஸ் நகரின் எல்லையைக் கடக்குமுன் சங்கிலி அவருக்காகக் காத்திருந்தது.

யாழ்ப்பாணத்தில் அவரை அடையாளம் கண்டு காப்பாற்றியது, செபமாலையை அறிந்த கண்கள். கண்டியில் அவரை அடையாளம் கண்டவனும் கிறிஸ்தவன்தான், ஆனால் எதிர்ப்பக்கத்தவன். பௌத்த அரசன் ஒருவன் முன்னால் இரண்டு கிறிஸ்தவர்கள்: ஒருவன் வாசலில் நீண்டநாள் பழகியவன், மற்றவர் சங்கிலியில் நிற்கும் கந்தல்துணிக்காரர். அரசன் யாருடைய சொல்லை நம்புவான்?

(தொடரும்)